மாதந்தோறும் திரும்பி வரும் வேலை

குடியிருப்போர் சங்கம் ஒன்றைத் தொடங்குவது எளிது. கேரளத்தில், பழைய திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதியில் அடங்கிய ஊராக இருந்தால், 1955ஆம் ஆண்டின் இலக்கிய, அறிவியல், அறச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் கையெழுத்திட்டு, நோக்கங்களும் விதிகளும் எழுதிய ஆவணத்தை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால் சங்கம் பிறந்துவிடும். நோக்கங்கள் என்ற தலைப்பின்கீழ் எல்லாச் சங்கங்களும் ஏறக்குறைய ஒரே பட்டியலைத்தான் எழுதுகின்றன: ஒற்றுமை, தூய்மை, கல்வி ஊக்கம், மருத்துவ முகாம், மரம் நடுதல், பண்டிகை கொண்டாடுதல். எங்கள் ஆவணத்திலும் இவை அனைத்தும் உள்ளன. குடிநீர் என்ற சொல் அந்தப் பட்டியலின் அடிப்பகுதியில், பிறகு நினைவுக்கு வந்து சேர்த்ததைப் போல இருக்கிறது. ஆனால் சங்கம் இத்தனை ஆண்டுகள் கலையாமல் இருப்பதற்கு அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை என்பது, செயலாளர் பொறுப்பில் இருந்துவரும் என்னுடைய முடிவு.

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறோம். கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி ஊராட்சிகளில் வீட்டிலும் வயலிலும் தமிழ் பேசுகிறவர்கள் நிறைந்திருக்கிறார்கள். பேச்சு கொங்குத் தமிழ், சந்தைக்கும் துணிக்கடைக்கும் பொள்ளாச்சி, பெரிய மருத்துவத்துக்குக் கோயம்புத்தூர், ஆனால் ரேஷன் அட்டையும் நிலவரி ரசீதும் மலையாளத்தில். இந்த ஊராட்சிகள் அடங்கிய சித்தூர் வட்டம் கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்ததாக இருந்தது. சுற்றிலும் இருந்த பாலக்காட்டுப் பகுதியோ மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டம். 1956 நவம்பர் 1 அன்று இரண்டும் ஒரே மாநிலத்துக்குள் வந்தன. வெளியூர் உறவினர்கள் கேரளம் என்றதும் ஓயாத மழையையும் கிணற்றடியில் கையெட்டும் நீரையும் நினைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இந்த மண்ணைக் காட்டினால் நம்ப மறுப்பார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் மாநிலத்தில், பாலக்காட்டுக் கணவாயின் இந்தக் கிழக்கு முனைக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை.

ஆகவே இங்கே நீர் என்பது ஒப்பந்தத்தால் வருவது. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29 அன்று கையெழுத்தானது; அதன்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் சித்தூர்ப்புழை ஆற்றுப் பாசனத்துக்காகக் கேரளத்துக்குக் கொடுக்கப்பட வேண்டும். கால்வாய்களுக்கு நீர் பிரியும் மூலத்தரைத் தடுப்பணைக்கு நீர் வந்துவிட்டதா என்பது எங்கள் ஊர்த் தேநீர்க்கடைகளில் தேர்தல் முடிவைப் போல விசாரிக்கப்படும் செய்தி. கால்வாய் நீர் எட்டாத இடங்களில் ஆழ்துளைக் கிணறுகள் போடப்பட்டன; ஒருவர் போட்டதைக் கண்டு அடுத்தவர் இன்னும் ஆழமாகப் போட்டார். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடுகளில், நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுக்கும் வட்டாரமாகச் சித்தூர் இடம்பெற்றதற்கு இந்தப் போட்டியும் ஒரு காரணம். பாறையின் ஆழத்திலிருந்து வரும் அந்த நீரில் ஃபுளோரைடும் கலந்து வருகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். இதைப் பலமுறை கூட்டத்தில் சொல்லியும், கொதிக்க வைத்துக் குடித்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகக் குறைவதால் அதன் அளவு சற்றுக் கூடவே செய்யும்.

இப்படிப்பட்ட ஊரில் எங்கள் தெருக்களுக்கென ஓர் ஆழ்துளைக் கிணறும், மேல்நிலைத் தொட்டியும், வீட்டுக்கு வீடு குழாயும் அமைந்தன. உலக வங்கி உதவியோடு கேரளத்தில் நடந்த ஜலநிதித் திட்டம் புகுத்திய முறையைத்தான் நாங்கள் எங்கள் அளவில் பின்பற்றினோம்: பயனாளர்களே குழுவாகச் சேர்ந்து, செலவில் ஒரு பங்கைத் தங்கள் கையிலிருந்து போட்டு, கட்டி முடித்தபின் நடத்தும் பொறுப்பையும் தாங்களே ஏற்பது. கட்டும்வரை எல்லோரும் வந்தார்கள். பள்ளம் தோண்டும் இடத்தில் பந்தல் போடாத குறையாகக் கூட்டம் இருந்தது. திறப்பு விழாவுக்குப் பாயசம் வைத்தோம். அதன்பின்தான் சங்கம் என்றால் என்ன என்பது எங்களுக்குத் தெரியத் தொடங்கியது.

மோட்டாரை யார் போடுவது, யார் நிறுத்துவது? ஏழரைக் குதிரைத்திறன் மோட்டார் என்றால் ஏறக்குறைய 5.6 கிலோவாட், நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் 28 யூனிட், மாதத்துக்கு 840 யூனிட். மின்கட்டணம் ஒருநாள் தாமதித்தாலும் அதன் விளைவு எல்லா வீட்டு அடுப்படியிலும் தெரியும். கோடையில் மின்னழுத்தம் குறையும்போது மோட்டாரை ஓட்டினால் உள்ளிருக்கும் கம்பிச் சுருள் எரிந்துவிடும். நீர்மட்டம் இறங்கியபின் வெறும் காற்றை உறிஞ்சி ஓடினாலும் அதே கதிதான். எரிந்த மோட்டாரைக் கிணற்றுக்குள்ளிருந்து தூக்குவதற்கு வண்டியும் ஆட்களும் வர வேண்டும், ரீவைண்டிங் கடையில் வரிசை இருக்கும், அதுவரை டேங்கர் லாரி. இவை எதுவும் திறப்பு விழா மேடையில் எவர் நினைவிலும் இல்லை. தொட்டியில் ப்ளீச்சிங் பவுடர் கலப்பதும் அப்படித்தான். 20,000 லிட்டர் தொட்டிக்கு நல்ல தரமான பவுடர் ஏறக்குறைய 60 கிராம் போதும். ஆனால் திறந்து வைத்த பொட்டலம் நாளாக நாளாக வீரியம் இழக்கும் என்பதால், கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சுகிறதா என்று சோதனைக் குப்பியில் நிறம் பார்ப்பதே சரியான வழி. குளோரின் வாடை அடித்தால் புகார் வரும், அடிக்காவிட்டால் புகார் வராது. புகார் வராத நாட்களைத்தான் செயலாளர் கவனிக்க வேண்டும்.

கால்வாய்ப் பாசனத்தில் கடைமடை விவசாயியின் குறை என்னவோ, அதுவே எங்கள் குழாயிலும் உண்டு. தொட்டிக்கு அருகில் இருக்கும் வீடுகளில் நீர் பீறிடும். மேட்டுத் தெருவின் கடைசி வீட்டில் குடம் நிறைய அரை மணி நேரம் ஆகும். முன்வரிசை வீடுகளில் சிலர் குழாயோடு நேரடியாகச் சிறிய மோட்டாரை இணைத்து உறிஞ்சத் தொடங்கியபோது இந்தக் குறை சண்டையானது. அபராதம் விதிக்கலாம் என்று ஒரு தீர்மானம் வந்தது. இந்த ஊரில் பாதிப்பேர் மற்றப் பாதிப்பேருக்கு மாமன், மச்சான், பங்காளி. அபராத ரசீதை யார் யாரிடம் நீட்டுவது? நான் அந்தத் தீர்மானத்தை எதிர்த்தேன், இன்றும் எதிர்ப்பேன். அதற்குப் பதிலாகத் தெருவுக்குத் தெரு கேட் வால்வு வைத்து, மேட்டுத் தெருவுக்கு முதலில் திறந்து, பள்ளத்துத் தெருவுக்குக் கடைசியில் திறக்கும்படி நேரத்தை மாற்றினோம். வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்து, ஓர் அளவுக்குமேல் எடுக்கும் ஒவ்வொரு ஆயிரம் லிட்டருக்கும் கட்டணத்தைக் கூட்டினோம். மத்திய அரசின் ஜல் ஜீவன் இயக்கம் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கிடுகிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 6,600 லிட்டர். அதை அடிப்படை அளவாக வைத்தபோது, தென்னங்கன்றுக்கு நீர் பாய்ச்சியவர்கள் தாமாகவே மோட்டாரைக் கழற்றினார்கள். யாரையும் திருடன் என்று சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. சங்கம் நடத்துவதில் பாதி வேலை, ஒரு மனிதரின் பெயரைச் சொல்லாமல் அவர் செய்வதை நிறுத்துவதற்கு வழி தேடுவதுதான்.

நிலுவையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மாதக் கட்டணம் தராத வீடுகளின் பட்டியலை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கும் வழக்கம் பல சங்கங்களில் உண்டு. எங்களிடமும் இருந்தது, நிறுத்திவிட்டோம். நிலுவை வைக்கிறவர்கள் இரண்டு வகை. முதல் வகையினர் உண்மையிலேயே முடியாதவர்கள், கள் இறக்கும் வேலையோ கூலியோ தடைப்பட்ட மாதத்தில் தள்ளிப்போட்டவர்கள். அவர்களுக்கு அவகாசம் போதும். இரண்டாம் வகையினர் கையில் பணம் இருந்தும் கொடுக்காதவர்கள். அவர்களைக் கஞ்சர்கள் என்று ஒதுக்குவது தவறு. விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு வருத்தம் கிடைக்கும்: அவர்கள் தெருவில் குழாய் உடைந்து ஒரு வாரம் யாரும் வரவில்லை, அல்லது கணக்கு கேட்டபோது பொருளாளர் முகம் சுளித்தார். தேர்தலில் ஓட்டுப் போடாதவர்கூட நிலுவை வைத்துத் தன் கருத்தைச் சொல்லிவிடுகிறார். அதனால் நிலுவைப் பட்டியலைச் செயற்குழுவுக்குள் மட்டும் வைத்து, தெருவாரியாகப் பிரித்துப் பார்க்கிறோம். ஒரே தெருவில் நிலுவை கூடினால் அங்கே வால்வையோ நிர்வாகியையோ சரிபார்க்க வேண்டும் என்று பொருள்.

கட்டணம் வசூலிக்கும் முறை மாறியதே நான் கண்ட பெரிய திருப்பம். முன்பெல்லாம் செயற்குழு ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போவார்கள். வீட்டில் ஆண் இல்லை என்ற பதிலோடு திரும்புவார்கள். 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற கேரள அரசின் பெண்கள் சுயஉதவித் திட்டம், பத்து முதல் இருபது பெண்கள் வரை கொண்ட அயல்கூட்டங்களாக ஒவ்வொரு தெருவிலும் இயங்குகிறது. அந்தப் பெண்கள் கூடிச் சேமிப்புப் பணம் எண்ணுகிறார்கள், கடன் தவணை வாங்குகிறார்கள், கணக்கு எழுதுகிறார்கள். நீர்க்கட்டணத்தையும் அந்தக் கூட்டத்திலேயே வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனை எங்கள் செயற்குழுவிலிருந்து வரவில்லை; ஓர் அயல்கூட்டத்துச் செயலாளர் அக்காதான் சொன்னார். எந்த நாளில் எத்தனை மணிக்கு நீர் வந்தது, எந்த நாளில் கலங்கி வந்தது என்பதை எங்கள் மினிட்ஸ் புத்தகத்தைவிடத் துல்லியமாக அவர்கள் அறிந்திருந்தார்கள். அதன்பிறகு செயற்குழுவில் பெண்களுக்கு இடம் கேட்டு யாரும் வாதிட வேண்டியிருக்கவில்லை. பணம் அவர்கள் கை வழியாக வந்ததால், அவர்கள் இல்லாமல் கூட்டம் நடத்த முடியாமற்போனது. ஆண்களில் சிலருக்கு இது இன்னும் செரிக்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பொதுக்கூட்டத்துக்குக் கோரம், அதாவது விதிப்படி வேண்டிய குறைந்தபட்ச ஆட்களைச் சேர்ப்பது தனிப் பாடு. சுற்றறிக்கை, ஒலிபெருக்கி, வாட்ஸ்அப் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு மூத்த உறுப்பினர் சொன்னார்: "தண்ணி வர்ற அன்னிக்குக் கூட்டம் போட்டா யாருங் தம்பி வருவாங்க? வராத அன்னிக்குப் போடுங்க, கோரம் தானாச் சேரும்." சிரித்தோம். ஆனால் அவர் சொன்னதுதான் நடப்பும்.

மொழி விஷயத்தில் எங்கள் நிலைமை தமிழ்நாட்டுச் சங்கங்களுக்கு இல்லாத ஒன்று. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மாநிலத்தின் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துடனும் துறைத் தலைமைகளுடனும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள உள்ளூர் அலுவலகங்களுடனும் தங்கள் மொழியிலேயே கடிதத் தொடர்பு கொள்ளலாம் என்றும், பதிலும் அதே மொழியில் தரப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த உரிமை நம்மிடம் இருப்பதே பல உறுப்பினர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டு கட்சி. தமிழில்தான் எழுத வேண்டும், எழுதாவிட்டால் உரிமை துருப்பிடித்துவிடும் என்பது ஒரு கட்சி. குழாய் உடைந்திருக்கும்போது உரிமையை நிலைநாட்டிக்கொண்டிருக்க நேரமில்லை, மலையாளத்தில் எழுதி வேலையை முடியுங்கள் என்பது மற்றது. எனக்கு இரண்டிலும் நியாயம் தெரிகிறது. அவசர வேலைக்கு மலையாளம், ஆண்டறிக்கைக்கும் கொள்கை சார்ந்த மனுவுக்கும் தமிழ் என்ற வழக்கத்துக்கு வந்திருக்கிறோம். மினிட்ஸ் புத்தகம் முழுக்கத் தமிழ். மலையாள வழியில் படித்த இளைஞர்கள் அதை வாசிக்கத் தடுமாறுகிறார்கள், தமிழ் மட்டும் அறிந்த பெரியவர்கள் ஊராட்சிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இளைஞர்களைத் தேடுகிறார்கள். சங்க அலுவலகத்தில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்காரும் சமயம் அது ஒன்றுதான்.

சங்கம் எல்லாவற்றுக்கும் போராட வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு நான் பக்கத்து ஊராட்சியை நினைவூட்டுவதுண்டு. பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில் 2000ஆம் ஆண்டில் கோகோ-கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. கிணறுகள் வற்றி நீர் கெட்டதாகச் சொல்லி 2002 ஏப்ரலில் ஆதிவாசி மக்கள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. போராடியவர்கள் மக்கள், ஆனால் 2003இல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுக்கும் சட்ட அதிகாரம் ஊராட்சியிடம் இருந்தது. சங்கத்திடம் அத்தகைய அதிகாரம் எதுவும் கிடையாது. கேரளத்தில் கிராம சபை ஊராட்சி முழுமைக்குமாக அல்லாமல் வார்டு அளவில் கூடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும், வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கு வந்தால்தான் கோரம். 1996இல், உள்ளாட்சிகளே தங்கள் திட்டங்களை வகுக்கும் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடுவரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முடிவானது. அந்தப் பணம் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்ற பேச்சு தொடங்கும் இடம் கிராம சபை. அங்கே ஆள் குறைவாக இருக்கும் நாளில் முப்பது பேர் ஒரே கோரிக்கையோடு போய் உட்கார்ந்தால், வார்டு மெம்பர் அதை எழுதிக்கொள்ளாமல் எழுந்து போக முடியாது. எங்கள் சங்கத்தின் அரசியல் இவ்வளவுதான், இது போதும் என்றே கருதுகிறேன்.

மற்றத் திட்டங்களை விரைவாகவே சொல்லிவிடலாம். சுற்றுச்சூழல் நாளன்று நட்ட மரக்கன்றுகளில் பெரும்பாலானவை அடுத்த கோடையைக் காணவில்லை; நட்டவர்கள் பெயர் பதித்த பலகைகள் மட்டும் நன்றாக இருக்கின்றன. கண்காணிப்புக் கேமராக்கள் மின்னல் தாக்கியபின் கண்ணை மூடிக்கொண்டன. ஓணத்துக்குப் பூக்களமும் பொங்கலுக்கு உறியடியும் நடக்கின்றன, அவை சங்கம் இல்லாவிட்டாலும் நடக்கும். பிளாஸ்டிக் கழிவுக்கு ஹரிதகர்ம சேனைப் பெண்கள் வீடு தேடி வந்து, மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு எடுத்துப் போகிறார்கள். நாங்கள் தனியாக நடத்திவந்த குப்பைத் திட்டத்தை அப்போதே கைவிட்டது நல்ல முடிவு. நீரைத் தவிர நிலைத்தது வாசகசாலை ஒன்றுதான். அதற்கும் காரணம் புத்தகங்கள் இல்லை. ஒரு தமிழ் நாளிதழும் ஒரு மலையாள நாளிதழும் தினமும் வருகின்றன. யாராவது கதவைத் திறந்து எடுத்து வைத்தாக வேண்டும், காலையில் வாசிக்க வருகிறவர்கள் காத்திருக்கிறார்கள். இலவசப் புத்தகங்கள் குவிந்தும் பூட்டிக் கிடக்கும் நூலகங்களை இந்த வட்டாரத்திலேயே காட்ட முடியும். எந்தத் திட்டம் நிற்கும், எது நிற்காது என்று கேட்டால், அந்த வேலை தானாகவே மறுபடி வந்து கதவைத் தட்டுகிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன். நன்கொடையாளர்களுக்கு இந்த அளவுகோல் பிடிப்பதில்லை. அவர்களுக்குக் கல்வெட்டு வைக்கத்தக்க ஒன்று வேண்டும்.

இதில் சங்க நிதிக்கும் ஒரு பாடு உண்டு. மோட்டார் எரிந்தால் மாற்றுவதற்கென்று ஒரு தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைக்கிறோம். புதிய செயற்குழு வரும்போதெல்லாம் அந்தப் பாஸ்புக்கைப் பார்த்ததும் தெருமுனையில் நுழைவு வளைவு கட்டும் ஆசை பிறக்கிறது. அந்தக் கணக்கில் கை வைக்கப் பொதுக்கூட்டத் தீர்மானமும், தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரின் கையெழுத்தும் வேண்டும் என்று விதியைத் திருத்தினோம். வளைவு இன்னும் கட்டப்படவில்லை. அதற்காக என்மீது கோபமாக இருக்கிறவர்கள் உண்டு.

இப்போது தெருக்களில் அரசின் புதிய குடிநீர்க் குழாய் இணைப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. ஆற்று நீர் சுத்திகரிக்கப்பட்டு வந்தால் ஃபுளோரைடு கவலை குறையும் என்பதில் எனக்கு ஐயமில்லை. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அதையே பயன்படுத்த வேண்டும் என்று நானே சொல்லி வருகிறேன். ஆனால் அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், சங்கத்தின் ஆழ்துளைக் கிணற்றை மூடிவிடலாமா என்று ஒரு பொருள் சேர்ந்திருக்கிறது. மூடினால் மின்கட்டணம் மிச்சம் என்கிறார் அதை முன்மொழிந்தவர், கணக்கு அறிந்தவர், அவர் சொல்வதில் தப்பில்லை. என் பக்கத்துத் தீர்மானம் வேறு: துவைப்பதற்கும் மாட்டுக்கும் இந்த நீரே போதும், கோடையில் ஆற்று நீர் குறைந்தால் கைவசம் ஒரு வழியும் இருக்கும்; எனவே கட்டணத்தைப் பாதியாகக் குறைத்து, மோட்டாரை நாளுக்கு ஒரு மணி நேரமாவது ஓட்டி, வசூலை அயல்கூட்டங்களிலேயே தொடர வேண்டும். பாதிக் கட்டணத்தில் ஆபரேட்டர் சம்பளம் கட்டுபடியாகாது என்று பொருளாளர் அக்கா எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் கேட்டிருப்பது முக்கால் பங்கு. கூட்டத்துக்கு முன் இருவரும் உட்கார்ந்து அதை மறுபடி கூட்டிப் பார்க்க வேண்டும்.